கறுப்பு வயரைக் கழற்றிய கதை

போன திங்கட்கிழமை எங்கள் வெள்ளவத்தை வீட்டில் ஒரு நாசவேலை நடந்தது. செய்தவன் நான்.

மகள் தர்ஷினி பொரளையில் எலெக்ட்ரோனிக்ஸ் படிக்கிறாள். மறுநாள் பத்து மணிக்கு இறுதிப் பரீட்சை. நாற்சந்திச் சிக்னல் விளக்குகளை எரித்துக் காட்ட வேண்டும். அவளுடைய கொன்ட்ரோலர் பலகையில் அத்தனை விளக்குக்கும் வயர் செருகும் பின்கள் போதவில்லை. அதனால் பக்கத்தில் இன்னொரு பலகை வைத்தாள். முதலாவது பலகை வயர் வழியே கட்டளை அனுப்பும். மற்றது மறுபேச்சில்லாமல் விளக்கைப் போடும். பெரிய ஐயாவும் கிளார்க்கும்... முப்பது வருடமாக நான் பார்க்கும் உத்தியோகம்!

இரண்டுக்கும் தனித்தனிப் பற்றரி. நடுவில் மூன்று வயர். ஒன்று சொல்ல, ஒன்று கேட்க. மூன்றாவது, கறுப்பு, எதற்கு என்று கேட்டேன். இரண்டு பலகைக்கும் பூச்சியம் எது என்று காட்டுவதாம். பூச்சியத்தைக் காட்ட ஒரு வயரா?

பற்றரி, வயர், மினுங்கும் சிவப்பு விளக்கு — இதைக் காவிக்கொண்டு ஒரு தமிழ்ப் பிள்ளை குண்டு தேடும் சோதனைச் சாவடியைத் தாண்டுவதை நினைத்துப் பாருங்கள். ஒரு வயர் குறைந்தால் ஒரு சந்தேகம் குறையும் என்று மூளை கணக்குப் போட்டது. சாமிக்கு விளக்கு வைத்த கையோடு கறுப்பு வயரைக் கழற்றிப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் ஒளித்தேன். அவரையும் கூட்டாளியாக்கியாயிற்று.

காலையில் எரித்துப் பார்த்தால் நாலு பக்கமும் பச்சை! தர்ஷினி புரோகிராமைத் திருத்தினாள், திரும்பவும் திருத்தினாள். வயரைப் பார்க்கவேயில்லை. வீட்டுக்குள்ளேயே நாசகாரன் இருப்பான் என்று யார் நினைப்பார்? எட்டரைக்கு அழத் தொடங்கினாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சாவடிப் பயத்தைச் சொல்லி வயரை எடுத்து நீட்டினேன்.

அவள் கத்தவில்லை. செருகினாள். விளக்குகள் ஒழுங்குக்கு வந்தன.

“ஆமிக்காரன் செக் பண்ண முதல் நீங்களே செக் பண்ணிப்போட்டீங்கள், அப்பா.”

துணைக்கு நானும் பஸ் ஏறினேன்.

கிருலப்பனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் அவள் பையைத் திறந்தான். அவள் சிங்களத்தில் விளங்கப்படுத்தி, அங்கேயே எரித்தும் காட்டினாள். அவன் கூட்டாளியைக் கூப்பிட்டு ரசித்தான். “ஹொந்தாய் நங்கி, யன்ன”, நல்லது தங்கச்சி, போ என்று விட்டுவிட்டான்.

பிறகு என் சட்டைப் பையில் கையை விட்டான். பேப்பரில் மடித்த வெள்ளைத் தூள்.

“மே மொனவாத?”

இது என்னவென்று கேட்கிறான். முப்பது வருடச் சிங்களம் அந்த நேரம் பார்த்து ஓடிவிட்டது. “தெய்யோ... தெய்யோ” என்று கடவுளைத்தான் சொல்ல வந்தது. பஸ் ஹோர்ன் அடித்தது. போ பிள்ளை என்று கை காட்டினேன்.

பத்து மணிக்கு அவள் விளக்கேற்றினாள், பாஸும் பண்ணினாள். நான் பத்தரை வரை வீதியோரத்தில் நெற்றியைத் தொட்டுக் காட்டி, திருநீறு வெடிக்காது என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன்.