கல்லூரி மைதானத்தில் தேர் இழுத்தேன்

பிள்ளைகளா, நான் பத்தாவது வரைதான் படித்தவன். உசிலம்பட்டிப் பக்கம் மாடு வளர்த்துப் பால் ஊற்றுகிறேன். என் மகள் மதுரையில் எம்.எஸ்.சி. கணக்கு படித்தாள். அவ்வளவு பெரிய படிப்புப் படிக்கிறவர்கள் விளையாட்டென்றால் ஒதுங்கி நிற்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

விளையாட்டு விழாவுக்கு முதல் நாள் மகள் போன் செய்தாள்.

"அப்பா, கயிறு இழுக்குற போட்டியில போன வருசம் முதல் ரவுண்டுலயே போயிட்டோம். இதுதான் கடைசி வருசம். எங்க டிபார்ட்மெண்டு அலமாரியில ஒரு கேடயம்கூட இல்லப்பா. அம்மாவக் கூட்டிக்கிட்டு வாங்க, சத்தம் போட ஆளு வேணும்."

"அம்புட்டுதான? வாரோம்."

காளவாசலில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். கணக்குப் பிள்ளைகள் மொத்தமே ஒன்பது பேர். முகமெல்லாம் நீலச் சாயம். ஒருத்தி ஒரு கன்னத்தில் கூட்டல் குறி, மறு கன்னத்தில் கழித்தல் குறி போட்டிருந்தாள். எட்டுப் பேர் கயிற்றுக்கு. ஒன்பதாவது பிள்ளைக்குக் காலில் மாவுக்கட்டு. அவள் நாற்காலியில் உட்கார்ந்து விடுதித் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எக்ஸு யாரு, ஒய்யு யாரு? எங்கள எதுத்து நிக்க யாரு?"

இரண்டாம் தடவை நானும் சேர்ந்து கத்தினேன். எக்ஸும் ஒய்யும் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எப்படியோ இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்கள். எதிரில் வரலாற்றுப் பிள்ளைகள். முதல் இழுப்பு அவர்களுக்கு, இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவதுதான் கேடயம். கயிறு அந்தப் பக்கமும் போகவில்லை, இந்தப் பக்கமும் வரவில்லை. கடைசி ஆளாக என் மகள் மல்லாக்கச் சாய்ந்து இழுக்கிறாள். அவளுக்குப் பின்னால் மிச்சக் கயிறு என் காலடியில் கிடக்கிறது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தேர்வடம் கைக்கெட்டும் தூரத்தில் போனால் சும்மா நிற்க மாட்டோம். தொட்டு நாலடி இழுத்தால்தான் வந்ததற்கு நிறைவு. சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய்விட்டது. எனக்குப் பின்னால், சமயநல்லூரிலிருந்து வந்திருந்த இன்னொரு தகப்பனாரும் பிடித்துவிட்டார். வரலாறு மொத்தமும் எங்கள் பக்கம் வந்து விழுந்தது!

விசில் ஊதிக்கொண்டு விளையாட்டு வாத்தியார் ஓடிவந்தார்.

"யாருங்க அது? வெளியாளு கயிறத் தொட்டா டீமே அவுட்டு!"

நான் கயிற்றைக் கீழே போட்டேன். மகள் திரும்பிப் பார்த்து "அப்பா..." என்றாள்.

மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்த வரலாற்று அணித் தலைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சார், இவங்கள அவுட்டாக்கி எங்களுக்கு ஒண்ணும் கப்பு வேணாம். திரும்ப இழுப்போம். நேர்ல தோக்கடிச்சாத்தான் எங்களுக்குக் கெத்து!"

வாத்தியார் என்னை முறைத்தார். "ஒரே ஒரு தடவ. மொதல்ல இவரு கையப் பிடிச்சு வைங்க."

"அம்மா, நீங்க பிடிச்சுக்கங்க. விட்றாதீங்க!" என்றாள் மகள்.

என் மனைவி இரண்டு மணிக்கட்டையும் இறுக்கிப் பிடித்தாள். "ஊரு மாட்டையெல்லாம் கட்டுன மனுசன், இன்னைக்கு நல்லா மாட்டுனீங்க."

சமயநல்லூர்க்காரர் பேண்ட் பைக்குள் கைகளைச் சொருகிக்கொண்டார். "அண்ணே, நான் கைய உள்ள விட்டுட்டேன். நீங்களும் சூதானமா இருங்க."

வாத்தியார் விசில் ஊதினார். தட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. என் மனைவி "இழு ஆத்தா! இழு!" என்று கத்தினாள். ஒவ்வொரு 'இழு'வுக்கும் என் கையைப் பிடித்து இழுத்தாள். நானும் விடுவேனா? அவளோடு சேர்ந்து பின்னால் சாய்ந்தேன். கயிறு லேசாக எங்கள் பக்கம் நகர்ந்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான், இரண்டு பேரும் மல்லாக்க விழுந்தோம்.

மைதானமே அலறியது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஓடுகிற கால்கள்தான்.

"யாரு ஜெயிச்சா? ஏய், யாராவது சொல்லுங்கப்பா, யாரு ஜெயிச்சா?"

அப்புறம் ஒரு நீல முகம் எங்கள் மேலே குனிந்தது. பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. என் மகள்தான். கையில் கேடயம்.

"எந்திரிங்கப்பா. இந்தாங்க, இதத் தொடலாம்."