அரிசிப் பையோடு கதவைத் தட்டினால்

யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கதவைத் தட்டி விசாரிப்பதுதான் என் பிழைப்பு.

சங்கரன்கோவிலில் ஒரு சின்ன அறக்கட்டளை. வேலை போயோ விளைச்சல் போயோ திடீரென்று முடங்கிப்போன குடும்பங்களுக்கு, ஒரு மாதத்துக்கான அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் போட்டு ஒரு பை தருவோம். அதற்கு முன்னால் நான் நேரில் போய் ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். சென்சஸ் எடுக்கப் போனவர்களே, ஓட்டர் லிஸ்ட் சரிபார்க்கப் போனவர்களே, நீங்களெல்லாம் என் கட்சி. உங்களைத் துரத்திய அதே நாய்தான் என்னையும் துரத்துகிறது. ஆனால் பக்கத்து வீட்டில் சர்க்கரை வாங்கிக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, "எங்களுக்கு ஒரு குறையும் இல்ல" என்று உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூன்று வேளை

விசைத்தறிகள் ஒரு மாதமாக ஓடாத நேரம். தறி ஓட்டும் முருகேசன் வீட்டுக்குப் போனேன். உதவி கேட்டு மனுப் போட்டவர் அவருடைய மனைவி. அது முருகேசனுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது.

"நேத்து எத்தனை வேளை சாப்பிட்டீங்க அண்ணாச்சி?"

"இது என்ன கேள்வி? மூணு வேளையும்தான்." சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார்.

மூன்று என்று எழுதினால் பை கிடையாது. நான் பேனாவைப் பிடித்தபடி முழித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "எந்த ஹோட்டல்னு கேட்டுச் சொல்லுங்க மேடம், நானும் பிள்ளையளும் போயிட்டு வாரோம்."

பட்டுச்சேலை

ஒரு தடவை, பைகளுக்குப் பணம் கொடுத்த கடைக்காரர் தன் கையாலேயே கொடுத்துப் போட்டோ எடுக்க வேண்டும் என்றார். தறிக்கு நூல் சுற்றும் செண்பகத்தின் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். கணவர் ஆஸ்பத்திரியில் கிடக்க, அவரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டிருந்தாள். தகவல் சொல்லியிருந்ததால் தயாராக இருந்தாள். கல்யாணப் பட்டு. தலை நிறையப் பிச்சிப்பூ.

கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "கஷ்டப்படுத மாதிரியே தெரியலையே. வேற சேலை இல்லையாமா?" என்றார். ஓரமாகச் சொன்னாலும் அந்த வீட்டில் ஓரம் என்று தனியாக ஒன்று கிடையாது. செண்பகம் சிரித்தபடியே சொன்னாள்: "இருக்கு அண்ணாச்சி. ஆனா போட்டோ ஒங்க வீட்டுக்குல்லா போகுது."

உளுந்து

திருவேங்கடம் பக்கம் கரிசல் காட்டில் ஒரு விவசாயி. அறுக்கிற நேரத்தில் மழை கொட்டி, உளுந்து அப்படியே செடியில் முளைத்துவிட்டது. பையைக் கொடுத்ததும் மனுஷன் அரிசியைப் பார்க்கவில்லை. உளுந்துப் பாக்கெட்டைப் பிரித்து நாலு மணியை உள்ளங்கையில் போட்டு உருட்டிப் பார்த்தார். உளுந்து விளைவித்தவருக்கே உளுந்து கொண்டுபோய்க் கொடுக்கிறோமே என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது.

அப்போதுதான் மூலையில் ஒரு மூட்டையைக் கவனித்தேன். அதுவும் உளுந்துதான், முளைக்காத பழைய உளுந்து. வீட்டில் ஐந்து பேர், இரண்டு நாளாக வெறும் கஞ்சி. எனக்குக் கோபமே வந்துவிட்டது. "இதை வச்சுக்கிட்டா பிள்ளையளைப் பட்டினி போட்டீங்க?" என்றேன். அவர் எழுந்துபோய் மூட்டை வாயை இறுக்கிக் கட்டிவிட்டு வந்து சொன்னார்: "அது விதைம்மா. அடுத்த மழைக்கு உள்ளது."

என் வீட்டு முறை

பைகளுக்குப் பணம் வந்தது. எங்கள் சம்பளத்துக்கு வர வேண்டியது மட்டும் எங்கேயோ நின்றுபோனது. மூன்று மாதம். அந்த நேரம் பார்த்து, லோடு ஆட்டோ ஓட்டும் என் கணவர் கால் முறிந்து படுத்தார். ரேஷன் அரிசி இருந்தது, அதன்மேல் ஊற்றத்தான் ஒன்றுமில்லை. பத்து நாளாக ரசம் என்ற பெயரில் புளித்தண்ணீர். என் மகள் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தாள். ஒரு சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

என் பெயரை நானே எழுதக்கூடாது என்பது விதி. எங்கள் ஆபீஸில் பை கட்டும் மாரியப்பனிடம் சொல்லலாம் என்று மூன்று நாள் பக்கத்தில் போய், மழை வருமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். நாலாம் நாள் சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே ஃபாரத்தோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். தினமும் என்னோடு டீ குடிக்கிறவன், என் பெயர் என்ன, வீட்டில் எத்தனை பேர் என்று ஒன்று விடாமல் கேட்டான். நான் தரையைப் பார்த்தே பதில் சொன்னேன். கண் கலங்கியதை அவன் கவனித்திருக்க வேண்டும். எழுதுவதை நிறுத்தினான். "கஷ்டத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்குக்கா. 'நம்ம ஆபீஸ்ல வேலை பாக்காக'ன்னு எழுதிரட்டா?"

ஃபாரத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அதிலுள்ள பன்னிரண்டு கேள்விகளில் பத்து அனாவசியம், மிச்சம் இரண்டையும் பையை இறக்கி வைத்துவிட்டே கேட்கலாம்.