நிமோனியா என்று சொல்லிவைத்தேன்

என் கணவர் ஓயாமல் பேசுகிறவர். வடசேரி சந்தையில் காய்கறி ஏற்றி, களியக்காவிளை தாண்டி, கேரளத்துக் கடைகளில் இறக்கிவிட்டு வருவது அவர் தொழில். சிறிய சரக்கு வண்டி, சொந்த வண்டி. டீ குடிக்க எங்கே நிறுத்தினாலும் எனக்கு போன் வரும். விஷயம் பெரிதாக ஒன்றும் இருக்காது. "ஏட்டி, முன்னால லாரியில ஒரு ஆனை போவுது, வாலு மட்டும் வெளிய கெடந்து ஆடுது" என்பார். நான் சிரித்ததும் வைத்துவிடுவார்.

எனக்கும் அது தேவையாக இருந்தது. நான் மேற்கே, மிஷன் காலத்துப் புராட்டஸ்டன்ட் சபைக் குடும்பத்தில் பிறந்தவள். அவர் கடற்கரைக் கத்தோலிக்கர். நாங்களாக விரும்பிக் கட்டிக்கொண்டோம். அதோடு இரண்டு வீட்டிலும் வரத்துப்போக்கு நின்றுபோனது. குழந்தையும் இல்லை. நாகர்கோவிலில் வாடகை வீட்டின் பகல் முழுவதும் எனக்குத் துணை அந்த போன்தான்.

ஒரு மழை நாளில் வண்டி சறுக்கி ஓடைக்குள் இறங்கியது. உயிருக்கு ஒன்றுமில்லை, இடுப்பில்தான் அடி. டாக்டர் வலிக்கு மாத்திரை எழுதினார். கடுமையான மாத்திரை, சொன்ன நாளோடு நிறுத்திவிட வேண்டும் என்றும் சொன்னார். இவர் நிறுத்தவில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் அதே மாத்திரையைக் கொடுக்க ஆள் இருந்தது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

முதலில் போன் குறைந்தது. பிறகு நானே கூப்பிட்டாலும் "வண்டியில இருக்கேன்" என்று வைத்துவிடுவார். வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலை தொங்கிவிடும். சோற்றில் கையை வைத்துக்கொண்டே தூங்குவார். மூக்கையும் கழுத்தையும் சொறிந்துகொண்டே இருப்பார். நல்ல வெளிச்சத்திலும் வீட்டு மங்கலிலும் கண்மணி கடுகளவாகவே இருக்கும். குடிக்கத் தொடங்கிவிட்டார் என்று பயந்து, அவர் அயர்ந்திருந்தபோது பக்கத்தில் குனிந்து மோந்து பார்த்தேன். வாடை இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று அடுக்களையில் நின்று வாய்விட்டே சொன்னேன். அந்த நிம்மதியோடு பல மாதங்கள் இருந்துவிட்டேன்.

வீட்டில் பனியன்கூடப் போடாதவர், முழுக்கைச் சட்டையோடு இருக்கத் தொடங்கினார். கேட்டால் வெயில் கருக்குகிறது என்றார். வீட்டுக்குள் என்ன வெயில் என்று நான் கேட்கவில்லை. எதைக் கேட்டாலும் எழுந்து வெளியே போய்விடுவார். அவர் வெளியே போவதைவிட, பேசாமலாவது உள்ளே இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு காய்ச்சல் வந்தது. நடுங்க நடுங்க வரும், வேர்த்து விடும், திரும்ப வரும். தெருமுனை கிளினிக்கில் கொடுத்த மருந்து கேட்கவில்லை. மூச்சு வாங்கத் தொடங்கியதும் ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு பெண் டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கச் சட்டைக்கையை ஏற்றச் சொன்னார். இவர் தயங்கினார். டாக்டரே ஏற்றிவிட்டார். முழங்கை மடிப்பிலிருந்து கீழே நரம்பெல்லாம் கறுத்துக் கயிறு மாதிரி இருந்தது. ஒரு இடம் சீழ் கோத்து வீங்கியிருந்தது.

"ஊசி போடுவீங்களா?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

"இல்ல" என்றார் இவர். என்னைப் பார்க்கவில்லை.

டாக்டர் கோபப்படவில்லை. "நான் போலீஸ் இல்ல. உண்மையச் சொன்னாத்தான் சரியான மருந்து குடுக்க முடியும்" என்றார். இவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அவர் ஒப்புக்கொண்ட பிறகு, டாக்டர் என்னிடம் விளக்கிச் சொன்னார். இவரும் கூட இருந்தவர்களும் விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றியிருக்கிறார்கள். மாத்திரையில் சேர்த்திருக்கும் மாவு கரையாது. ரத்தத்தோடு போய் நுரையீரலில் அடைக்கும். ஊசி வழியாகப் போன கிருமி இவருடைய இதய வால்வில் போய் உட்கார்ந்துவிட்டது. ஒரே ஊசியைப் பலர் மாற்றி மாற்றிப் போட்டதால் மஞ்சள் காமாலை வைரஸ், எச்.ஐ.வி. இரண்டுக்கும் சோதனை செய்ய வேண்டும்.

"உங்களுக்கும் எடுக்கணும்மா" என்றார் கடைசியாக.

ரத்தம் கொடுத்துவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் எல்லோருக்கும் யாராவது இருந்தார்கள். ஒரு பெண்ணுக்கு அவள் தங்கை ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். யாருக்காவது போன் செய்யலாம் என்று எடுத்தேன். பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். எனக்கு இப்படி ஒரு சோதனை எடுத்திருக்கிறார்கள் என்று சொல்ல ஒரு பெயரும் அதில் இல்லை. திரும்பப் பைக்குள் வைத்துவிட்டேன்.

மறுநாள் முடிவு சொன்னார்கள். எனக்கு எதுவும் இல்லை. அவருக்கு எச்.ஐ.வி. இல்லை, கல்லீரலைத் தின்கிற சி வகை வைரஸ் இருந்தது. அதற்கு மாத்திரை உண்டு, குணமாகும், முதலில் இதயத்தைப் பார்ப்போம் என்றார்கள்.

வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏறியது. முதல் சில நாட்கள், பழைய மாத்திரை கிடைக்காத உடம்பு அவரைப் பிழிந்து எடுத்தது. வாந்தி, பேதி, கால் இழுப்பு, தண்ணீராக ஒழுகும் மூக்கு. என்னைத் திட்டினார். "வீட்டுக்குப் போ, உன்ன யாரு இஞ்ச இருக்கச் சொன்னது" என்றார். அதற்கும் டாக்டர்கள் மருந்து கொடுத்து மெல்ல அடக்கினார்கள். நான் அழவில்லை. வெகுகாலத்துக்குப் பிறகு அவர் என்னிடம் இவ்வளவு வார்த்தை பேசியது அப்போதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சபையிலிருந்து பெண்கள் ஜெபிக்க வந்தார்கள். நிமோனியா என்று சொல்லிவைத்தேன். "ஆண்டவரே, இந்த நெஞ்சுச் சளிய நீர் கரைச்சு எடும்" என்று ஒருத்தி கண்ணீரோடு ஜெபித்தாள். நானும் ஆமென் சொன்னேன். இல்லாத நோய்க்கு எல்லோரும் உருகி ஜெபிக்க, இருக்கிற நோயோடு நான் தனியாக நின்றேன்.

அவருக்கு ஊசி பழக்கியது இன்னொரு வண்டிக்காரர். இவரே சொன்னார். அந்த ஆளை நான் மனதுக்குள் சபித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் ஆஸ்பத்திரியை விட்டு வருவதற்கு முன்பே அந்த வண்டிக்காரர் இறந்துபோனார் என்று செய்தி வந்தது. மாத்திரையும் சாராயமும் சேர்ந்து வண்டிக்குள்ளேயே மூச்சு நின்றுவிட்டதாகச் சந்தை ஆட்கள் சொன்னார்கள். அடக்கத்துக்கு நான் போகவில்லை. சில நாள் கழித்து ஒரு மத்தியானம் அந்த ஆளின் வீட்டைத் தேடிப் போனேன். எதற்குப் போனேன் என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சண்டை போடுவதற்காகவும் இருக்கலாம்.

அவர் மனைவி என்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண். வெறும் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்ன பிறகும் எழுந்திருக்கவில்லை. பலகையை என் பக்கம் தள்ளினாள்.

"இரி பிள்ளே. ஹார்ட் அட்டாக்கு. ஒரு நிமிசத்துல போயிட்டாவ" என்றாள்.

நான் பலகையில் உட்கார்ந்தேன்.

"உனக்க மாப்பிளைக்கு என்னவாம்?"

நிமோனியா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கை கீரையில் நின்றுவிட்டது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊசிதான் அக்கா. இதயத்துல கிருமி" என்றேன்.

அவள் முற்றத்தைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தாள். பிறகு குரலை இறக்கிச் சொன்னாள்: "எனக்க வீட்டுலயும் அதுதான். எல்லார்ட்டயும் ஹார்ட் அட்டாக்குன்னு சொல்லியாச்சு. எனக்க அம்மைகிட்ட கூட உள்ளத சொல்லல்ல."

"தெரிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம் அக்கா."

"ஊசியக் கண்டுட்டேன் பிள்ளே. கண்டும் எடுத்து வீசிட்டு, காணாத மாதிரி சோறு போட்டேன். யாருட்ட போய்ச் சொல்லதுக்கு?"

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. இருவரும் சேர்ந்து மிச்சக் கீரையை உருவினோம்.  அன்று பஸ்ஸில் திரும்பும்போது, எத்தனையோ மாதம் கழித்து எனக்கு நன்றாகப் பசித்தது.

நீங்களும் ரத்தம் சோதித்துப் பாருங்கள் என்று சொல்லி, பிறகு அவளை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கும் ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் ஞாயிறு மாலைகளில் வந்துபோய்க்கொண்டிருந்தாள். பிறகு தூத்துக்குடியில் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள்.

என் கணவர் பிழைத்தார். காமாலை வைரஸுக்கு மாத்திரை சாப்பிட்டு முடித்தார். இப்போது ரத்தத்தில் அது இல்லை. வால்வு மட்டும் கசிகிறது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று கைப்பிடியைப் பற்றிக்கொள்வார். வண்டியை விற்றுவிட்டோம். ஒரு காய்கறி மண்டியில் உட்கார்ந்து தராசு பார்க்கிறார். நடுவில் ஒருமுறை பழைய இடத்துக்குப் போய் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டார். மறுநாள் காலையில் அவராகவே சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோமா?" என்றேன்.

"நீயும் வருவியா?" என்று கேட்டார்.

வாரம் ஒருநாள் கவுன்சிலிங்குக்குப் போகிறோம். அவர் உள்ளே போனதும் நான் வெளியே பெஞ்சில் இருப்பேன். வேறு சில பெண்களும் இருப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பைக்குள் எதையோ தேடுவோம். போன வாரம் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள், சின்ன வயது. அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன். "உள்ள யாரு, மாப்பிளையா?" என்று கேட்டேன். "தம்பி" என்றாள்.