மூன்று இருபதுக்கு எழுதிய துண்டு

பொன்னையாவிடம் அடையாள அட்டை கிடையாது. அவர் பிறந்தது இந்த நாட்டில்தான். ஆனால் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவரைப் பிரசை என்று எழுதிக்கொடுக்க எந்த அரசாங்கக் கந்தோருக்கும் மனம் வரவில்லை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் லயம் எரிந்தது. மனைவி தங்கம்மாவோடும் இரண்டு தகரப் பெட்டிகளோடும் வவுனியாவுக்கு வந்து, நெளுக்குளத்தில் காடு வெட்டிக் குடியேறினார். அவருடைய படமும் பெயரும் சேர்ந்திருந்த கடதாசி ஒன்றே ஒன்றுதான்: மலைநாட்டில் கொழுந்து லொறி ஓட்டிய காலத்தில் எடுத்த சாரதி லைசன்ஸ். அதைப் பொலித்தீன் உறையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்திருப்பார். வீதிச் சோதனைச் சென்றியில் ஆமிக்காரன் ஐசி என்று அடையாள அட்டை கேட்டால் அதைத்தான் நீட்டுவார். அவன் படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்ப்பான். பிறகு போ என்று கையைக் காட்டுவான்.

எண்பத்து நான்காம் ஆண்டு தொடக்கத்தில் அவருக்கு நல்ல காலம் வந்தது போலிருந்தது. தண்ணீர் பம்பும் பூச்சி மருந்தும் விற்கும் கொழும்புக் கம்பனி ஒன்றின் வவுனியாக் கிளையில் சாரதி வேலை கிடைத்தது. வெள்ளை நிற டட்சன் கார். இரண்டு கதவிலும் பச்சை எழுத்தில் கம்பனியின் பெயர். முதல் நாள் அவர் அதைக் கழுவிய கழுவலைப் பார்த்து, கிளை மனேஜர் தில்லைநாதன் சிரித்துவிட்டார். "பொன்னையா, பெயின்ற் கழண்டுபோம். விடும்."

இருபது வருடமாக வண்டி ஓட்டியவர். ஒருநாளும் பொலிஸ் அவரை மறித்து வழக்கு எழுதியதில்லை.

அந்த ஆண்டு ஒருநாள் தில்லைநாதனுக்குக் காய்ச்சல். ஒட்டுசுட்டானில் கச்சு முகம்மதுவின் கடைக்கு இரண்டு பம்பைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரும்படி பொன்னையாவைத் தனியே அனுப்பினார். பம்பை இறக்கி முடித்தபோது மத்தியானம் ஒன்றரை மணி இருக்கும். கச்சு முகம்மது கடையின் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாத்திக்கொண்டிருந்தார்.

"என்ன முதலாளி, இப்பவே பூட்டுறீங்க?"

"காலமையில இருந்து ஒரு பஸ்ஸும் இந்தப் பக்கம் வரேல்ல. ஏனெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. தேத்தண்ணி குடிக்கச் சொல்ல மாட்டன். வெளிக்கிடுங்கோ."

மாங்குளத்தில் பெரிய வீதிக்கு ஏறினார். கண்டி வீதி. வழக்கமாக லொறிகள் நிரைநிரையாகப் போகும் நேரம். அன்று எதிரில் ஒரு சைக்கிள்கூட வரவில்லை. இரண்டு பக்கமும் காடு. காற்று இல்லாததால் ஒரு இலையும் அசையவில்லை. வழியில் தேத்தண்ணீர்க் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. ஒரு கடை வாசலில் அடுப்பு மட்டும் புகைந்துகொண்டிருந்தது, பக்கத்தில் ஆள் இல்லை.

புளியங்குளம் தாண்டி, காடு வீதியை நெருங்கி வந்த இடத்தில் ஒரு மதகு. அந்த மதகடியில்தான் அவர் அதைக் கண்டார். தாரின் குறுக்கே ஒரு முழ அகலத்துக்குப் புதுமண். மண்ணின் மேல் சருகு தூவியிருந்தது. வீதியோரத்துப் பற்றைக்குள் ஒரு மண்வெட்டிப் பிடி தெரிந்தது. ஆள் ஒருவரும் இல்லை. ஆனால் ஆள் இருப்பது அவருடைய பிடரிக்குத் தெரிந்தது.

நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. காரை வீதியை விட்டு இறக்கி, புல்லில் சில்லு உருள, மதகின் ஓரத்தால் அந்த மண்ணில் படாமல் சுற்றிக்கொண்டு போனார். மறுபடி தாருக்கு ஏறியதும் அவருடைய கால் தானாகவே அக்சிலேற்றரை அமத்தியது. வேக முள் எங்கே நின்றது என்று அவர் பார்க்கவில்லை. கம்பனிக் கார் அப்படி ஓடும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

ஓமந்தைக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில், பாலை மரத்துக்குக் கீழே நின்ற பொலிஸ்காரன் கையை நீட்டினான். கார் அவனைத் தாண்டி இருபது யார் தூரம் போய்த்தான் நின்றது.

மரத்தடியில் கதிரை போட்டு இருந்தவர் வயது போன சார்ஜன். சிங்களத்தில் கேட்டார். பொன்னையாவுக்குச் சிங்களம் நன்றாக வரும்; இங்கே வந்தபின் அதை எவ்வளவு குறைவாகக் காட்டலாமோ அவ்வளவு குறைவாகத்தான் காட்டுவார்.

"இப்படி ஓடுகிறாயே, யார் துரத்துகிறார்கள்?"

"ஒருத்தரும் இல்லை மாத்தயா."

"பிறகேன் கை நடுங்குகிறது?"

"கம்பனிக் கார் மாத்தயா. முதல் தரம் பிடிபடுகிறேன். வேலை போய்விடும்."

சார்ஜன் பேனையை எடுத்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. கொப்பியைத் திறந்து கார் நம்பரை எழுதினார். மணிக்கூட்டைப் பார்த்து மூன்று இருபது என்று எழுதினார். ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தார். இரண்டு கிழமைக்குள் வேக வழக்குக்குக் கோட்டுக்கு வர வேண்டும், அதுவரைக்கும் இந்தத் துண்டுதான் லைசன்ஸ் என்றார். பொலித்தீன் உறையோடு லைசன்ஸை மடித்துத் தன்னுடைய சட்டைப் பைக்குள் வைத்தார்.

அந்த நேரம் தெற்கிலிருந்து ஒரு ஜீப் வந்து மரத்தடியில் நின்றது. சார்ஜன் எழும்பித் தொப்பியை எடுத்துக்கொண்டார். போகிற போக்கில் கேட்டார், கேட்க வேண்டுமென்று கூட இல்லாமல்.

"அந்தப் பக்கம் ரோட்டு எப்படி? ஏதாவது கண்டாயா?"

பொன்னையாவின் வாய்க்குள் மதகும் மண்ணும் மண்வெட்டிப் பிடியும் வந்து நின்றன. சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கொண்டுபோவார்கள். கொண்டுபோகாமல் விட்டாலும், கதவில் பச்சை எழுத்து எழுதிய காரைப் பற்றைக்குள் இருந்தவர்கள் பார்த்துத்தான் இருப்பார்கள்.

"ஒன்றும் இல்லை மாத்தயா."

சார்ஜனை ஏற்றிக்கொண்டு ஜீப் வடக்கே போனது. பொன்னையா மெதுவாக, மிக மெதுவாக, வவுனியாவுக்கு ஓட்டி வந்தார். கந்தோர் முற்றத்தில் காரை நிறுத்தி இறங்கும்போது தூரத்தில் ஏதோ அதிர்ந்தது போலிருந்தது. மழை இடி என்று காவலாளி சொன்னான். வானத்தில் ஒரு முகிலும் இல்லை.

விடிந்ததும் ஊரெல்லாம் மதகடியில் ஜீப் கண்ணிவெடியில் சிக்கிய கதை. நாலு பேர் முடிந்துவிட்டார்கள். அதில் ஒருவர் சார்ஜன்.

தங்கம்மா உலைக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். பொன்னையா அவளுக்குப் பக்கத்தில் குந்திச் சொன்னார். வெளியில் எந்தப் பாஷை பேசினாலும் அவளோடு தோட்டத்துப் பேச்சுத்தான்.

"மண்ணு தோண்டியிருந்ததப் பாத்தேன் புள்ள. அந்தாளு கேட்டாரு. ஒன்னும் இல்லேன்னுட்டேன்."

அவள் அகப்பையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க," என்றாள். பிறகு, "அவருக்கும் புள்ள குட்டி இருந்திருக்கும்," என்றாள். அன்று அவர்கள் இருவரும் சோறு தின்னவில்லை.

கந்தோரில் தில்லைநாதன் காய்ச்சலோடு வந்திருந்தார். மேசையில் ஆங்கிலத்தில் அடித்த கடிதம் ஒன்று இருந்தது.

"பொன்னையா, இதில ஒரு கையெழுத்து வையும்."

"என்னங்க ஐயா போட்டிருக்கு?"

"வழக்கமான கடிதம்தான். பிடிபட்ட விசயம்."

"தமிழில வாசிச்சுச் சொல்லுங்க ஐயா."

தில்லைநாதன் வாசித்தார். நடுவில் ஒரு வரியில் குரல் தாழ்ந்தது. பொன்னையா அந்த வரியைத் திருப்பி வாசிக்கச் சொன்னார். சாரதி கம்பனியின் அனுமதியில்லாமல் தன் சொந்த அலுவலுக்குக் காரைக் கொண்டுபோனார் என்றிருந்தது.

"நீங்கதானே ஐயா அனுப்பினீங்க."

"எனக்குத் தெரியும். உமக்கும் தெரியும்." மனேஜர் யன்னல் பக்கம் பார்த்தார். "கம்பனிப் பேர் கதவில கிடக்கு. அந்த ரோட்டால வந்த கார் எண்டு பொலிஸ் விசாரிச்சிருக்கு, கொழும்பில இருந்து விடியவே போன் வந்திட்டுது. எனக்கும் மூண்டு பொம்பிளைப் பிள்ளையள், பொன்னையா."

பொன்னையா கையெழுத்து வைக்கவில்லை. பையிலிருந்து கார்த் திறப்பை எடுத்துக் கடிதத்தின் மேல் வைத்துவிட்டு நெளுக்குளத்துக்கு நடந்தார். வழியில் ஒரு சென்றி. துண்டை நீட்டினார். படமில்லாத அந்தத் துண்டை ஆமிக்காரன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்; கீழே இருந்த சார்ஜனின் கையெழுத்தைக் கண்டதும் அவன் முகம் மாறியது. ஒரு மணி நேரம் வெயிலில் முழங்காலில் இருத்திவிட்டுத்தான் விட்டான்.

கோட்டுத் தவணைக்கு முதல் நாள் பொலிஸ்காரர்களே வீட்டுக்கு வந்து அவரைக் கொண்டுபோனார்கள். ஆறு நாள் வைத்திருந்தார்கள். விசாரித்தவன் சீருடை இல்லாத இளைஞன். நல்ல தமிழ் பேசினான். மேசைக்குக் குறுக்கே லைசன்ஸைத் தள்ளினான். பொலித்தீன் உறை உருகிப் படத்தோடு ஒட்டியிருந்தது. ஒரு மூலை கருஞ்சிவப்பாகக் காய்ந்திருந்தது.

"அவருடைய பைக்குள் இருந்தது. மூன்று இருபதுக்கு மறித்திருக்கிறார். நாலு ஐந்துக்கு வெடித்தது. அந்த வீதியால் கடைசியாக வந்த வாகனம் உன்னுடையது. ஜீப்பில் ஏறாமல் மரத்தடியில் நின்ற பொலிஸ்காரன் உன் கை நடுங்கியது என்கிறான். ஏன்?"

"வேலை போயிரும்னு பயந்தேன் மாத்தயா."

அதுவும் உண்மைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆறு நாளும் எத்தனை விதமாகக் கேட்டார்களோ அத்தனை விதத்துக்கும் அதையே சொன்னார். அடி விழுந்தபோதும் அதுதான் வந்தது. ஏழாம் நாள் லைசன்ஸைக் கொடுத்து அனுப்பினார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். வேக வழக்கை ஒருவரும் கூப்பிடவில்லை, குற்றப்பணமும் கேட்கவில்லை.

அதன் பிறகு பொன்னையா வண்டி ஓட்டவில்லை. வீட்டுக்குப் பின்னால் மிளகாய் வைத்தார். இடது தோள் உயராது. வாளியை வலது கையால்தான் தூக்குவார். திங்கட்கிழமைகளில் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு பொலிசுக்குப் போய், கொப்பியில் கையெழுத்து வைத்துவிட்டு வருவார். பதினாலு மாதம் ஒரு கிழமை தவறவில்லை. அங்கே காத்திருப்பவர்கள் இருக்கும் மர வாங்கில் சில முகங்கள் பழகின. பிறகு அவற்றில் சில வராமல் போயின. எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு திங்கள், மேசையில் புதுக் கொப்பி இருந்தது. பொலிஸ்காரன் விரலை வைத்து மேலிருந்து கீழே தேடினான்.

"உன்னுடைய பெயர் இல்லை."

"பழைய கொப்பியில் இருக்கும் மாத்தயா."

"பழைய கொப்பி இல்லை. போ."

"யார் வெட்டினது மாத்தயா? இனி வர வேண்டாமா?"

"பெயர் இல்லை என்று சொன்னேன். போ."

பொன்னையா வெளியே வந்து படியில் நின்றார். வராமல் போன முகங்களுடைய பெயரையும் முதலில் இப்படித்தான் கொப்பியிலிருந்து எடுத்திருப்பார்களோ என்று நினைத்தார். எதிரே கடைக்காரர்கள் ஏதோ கேள்விப்பட்டவர்கள் போலப் பலகைகளை எடுத்துச் சாத்தத் தொடங்கியிருந்தார்கள். வீதியின் மறுகரையில் நம்பர் இல்லாத ஜீப் ஒன்று இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றது. அவர் வலப் பக்கம் பார்த்தார், இடப் பக்கம் பார்த்தார். எந்தப் பக்கத்தால் வீட்டுக்குப் போவது என்று அவருக்கு விளங்கவில்லை.