கல்லு மழையும் ஐஸ் போடாத மீனும்

மீன் விக்கிறவளைப் பார்த்ததும் ஊர் முதலில் கேட்கிற கேள்வி எதுன்னு உங்களுக்குத் தெரியுமா? "என்ன விலை?"ன்னு நினைச்சிருந்தா நீங்க கூடை தூக்கினதே இல்லை. "ஐஸ் மீனா?" இதுதான் முதல் கேள்வி. எங்க தொழிலில் மீனைச் சுமக்கிறது பாதி வேலை, அது நேத்து மீன் இல்லைன்னு சத்தியம் பண்றது மீதி வேலை. பூவோ பாலோ கீரையோ, எதை வித்தாலும் இந்த அவதி உங்களுக்கும் இருக்கும். அதனால உங்ககிட்ட வாய்விட்டுச் சொல்லலாம்.

பச்சை கேட் அம்மா

காலையில் பழவேற்காட்டில் ஏலம் எடுத்து, மூணு வயசுப் பொண்ணு பவியை எங்க குப்பத்து அங்கன்வாடியில் விட்டுட்டு, திருப்பாலைவனத்துக்கு பஸ் ஏறுவேன். பெரும்பாலும் மடவை, கிடைச்சா இறால். எல்லாம் அன்னைக்கு விடியலில் ஏரியில் பிடிச்சது. நான் ஐஸ் போடுறதே இல்லை. போட்டா எனக்கே பிடிக்காது.

அங்கே ஒரு தெருவில் பச்சை கேட் வீட்டு அம்மா இருக்காங்க. ரெண்டு வருஷமா என்கிட்டதான் வாங்குறாங்க, ரெண்டு வருஷமா என்னை நம்பினது இல்லை. மீன் வயித்தை அமுக்குவாங்க, கண்ணை உத்துப் பார்ப்பாங்க, மோந்து பார்ப்பாங்க. ஒருநாள் பொறுக்க முடியாம செவுளைத் தூக்கிக் காட்டினேன், ரத்தமா செவந்திருந்தது. அந்தம்மா கண்ணாடியை ஏத்திவிட்டுப் பார்த்துட்டு சொன்னாங்க: "செவப்பாதான் இருக்கு. நீ சாயம் தடவலைன்னு நான் எப்படி நம்புறது?"

விரிசலும் ஓட்டையும்

இதையும் சொல்லிட்டாதான் மத்தது புரியும். எங்க அங்கன்வாடிக்கு மேலே சிமெண்டு ஷீட்டு. போன புயலில் அதில் கோணல்மாணலா ஒரு விரிசல் விட்டது, சரியா பிள்ளைங்க பாய் போட்டு உக்கார்ற இடத்துக்கு மேலே. நாங்க தாய்மாருங்க எட்டு பேர் கையெழுத்துப் போட்டு ரெண்டு தடவை மனு குடுத்தோம். பார்க்க வந்த ஆபீசர் வாசலிலேயே நின்னு, நெத்தியில் கையை வெச்சு அண்ணாந்து பார்த்தார். உள்ளே கால் வைக்கலை.

"உள்ள வந்து பாருங்க சார்"ன்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "விரிசல்தானேம்மா? ஓட்டை இல்லையே!"

ஆட்டுக்கு இடம் உண்டு

நான் சொல்ல வந்த அந்த நாள் நல்ல சித்திரை வெயில். பதினோரு மணி இருக்கும். திடீர்னு மேற்கே கறுத்து, ஒரு குளிர் காத்து வந்தது. மழைதானேன்னு பச்சை கேட் தெருவில் நடந்துக்கிட்டே இருந்தேன். தலையிலிருந்த அலுமினிய அன்னக்கூடை விளிம்பில் டங்குன்னு ஒண்ணு விழுந்தது. எவனோ கல்லு விடுறான்னு திட்டுறதுக்குத் திரும்பினா, தெரு பூரா வெள்ளையா துள்ளுது. ஆலங்கட்டி, ஒவ்வொண்ணும் பெரிய நெல்லிக்காய் அளவு. தோள்பட்டையில் விழுந்ததில் உயிர் போயிடுச்சு.

பக்கத்து மளிகைக் கடையின் தகரச் சாய்ப்புக்குள்ளே ஓடினேன். கடைக்காரர் கையை நீட்டித் தடுத்தார். "நீ நில்லு. கூடை வெளியில." உள்ளே ஏற்கெனவே நாலு ஆளுங்க, ஒரு சைக்கிள், நனைஞ்ச ஆடு ஒண்ணு. அந்த ஆடு நின்ன இடத்திலேயே புழுக்கை போட்டுக்கிட்டு இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனா தகரத்து மேலே அடிச்ச சத்தத்தைக் கேட்டதும் மீனு, கூடை எல்லாம் மறந்துபோச்சு. நெஞ்சில் அந்த விரிசல்தான் நின்னது. வீட்டுக்காரர் வலை வாங்க ஆரம்பாக்கம் போயிருந்தார். அங்கன்வாடி ஆயா சாந்தா அக்காவுக்கு போன் போட்டேன். ரிங் போகுது, எடுக்கலை. கூடையை வெளியே வெச்சுட்டு மறுபடி மறுபடி போட்டேன். எடுக்கலை. கடைக்காரர் மேலே பாய்ஞ்சேன்: "ஆடு நிக்கலாம், என் கூடை நிக்கக்கூடாதா?"

அவர் ஆட்டைத் தடவிக் குடுத்துக்கிட்டே சொன்னார்: "இது எங்க வீட்டு ஆடும்மா. நாறாது."

கையும் ஐஸுமா

பத்து நிமிஷத்தில் எல்லாம் ஓய்ஞ்சுபோச்சு. ஊரே சிரிச்சுக்கிட்டு வெளியே வந்தது. பசங்க சொம்பில் பொறுக்குறாங்க, பெரியவங்க போட்டோ எடுக்கிறாங்க. நான் பஸ் ஸ்டாப்புக்கு ஓடணும். கூடையைத் தூக்கப் போனா கனம் ரெண்டு பங்கு. மேலே மூடியிருந்த கோணியைக் காத்து எங்கேயோ கொண்டுபோயிருக்கு. உள்ளே மடவை தெரியலை. விளிம்பு வரைக்கும் வெள்ளை வெள்ளையா ஆலங்கட்டி.

தலையில் ஏத்தி நாலு எட்டு வெச்சிருப்பேன். பச்சை கேட் திறந்தது. "நில்லு, எறக்கு"ன்னு ஒரு அதட்டல். "அம்மா, என் பொண்ணு இருக்கிற இடத்துல கூரை சரியில்ல, நான் போவணும்"ன்னேன். காதிலேயே விழலை. எட்டி கூடைக்குள்ளே பார்த்தாங்க. முகமெல்லாம் ஒரு வெற்றி. தெருவில் இன்னும் கல்லு கரையலை, அந்தம்மா அதை மிதிச்சுக்கிட்டுதான் நிக்கிறாங்க. இருந்தும் ரெண்டு பக்கத்து வீட்டுக்கும் கேக்குற மாதிரி சொன்னாங்க: "ரெண்டு வருசமா இல்ல இல்லன்னியே, இன்னைக்குக் கையும் ஐஸுமா புடிச்சிட்டேன் பாரு!"

பதில் சொல்லியிருப்பேன். நல்ல பதிலாவே நாக்கு நுனியில் இருந்தது. பவி முகம் வந்து நின்னதால் முழுங்கிட்டு ஓடினேன்.

கூடை ஏறாது

பஸ் நின்னுக்கிட்டு இருந்தது. கூடையிலிருந்து ஐஸ் தண்ணி சொட்டுது. படியில் காலை வெச்சதும் கண்டக்டர் குறுக்கே கம்பியைப் பிடிச்சார். "நீ ஏறு. கூடை ஏறாது. சீட்டெல்லாம் ஏற்கெனவே ஈரம், இதுல மீன் தண்ணி வேறயா?" காலையில் இதே பஸ்ஸில் இதே கூடையோடதான் வந்தேன். அப்போ மட்டும் மீன் மணந்துச்சான்னு கேட்டேன். விசில் வாய்க்குப் போயிடுச்சு.

அன்னைக்கு முழுக்க ஒருத்தரும் என்னைக் கூடையோட சேத்துக்கலை. சரி, கூடை இல்லாமலே போறேன்னு இறக்கி ஸ்டாப்பு ஓரத்தில் வெச்சேன். பக்கத்தில் பூ விக்கிற மல்லிகா அக்கா. அவங்க மல்லிப்பூ பூரா கல்லடி பட்டு நசுங்கிக் கிடந்தது. "யக்கா, குழந்தை..."ன்னேன். அக்கா என் கூடையைத் தன் பக்கம் இழுத்து வெச்சுக்கிட்டாங்க. "இன்னாத்துக்கு நிக்கிற? ஏறுடி! பூனை வந்தா நான் பேசிக்கிறேன்!"

குண்டானுக்குள்ளே

இறங்கி ஓடின ஓட்டத்தில் செருப்பு ஒண்ணு எங்கே போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. அங்கன்வாடிக்குள்ளே போனா, விரிசல் இருந்த இடத்தில் வானம் தெரியுது. கீழே பாய் மேலே முறம் அகலத்துக்கு ஷீட்டு துண்டு, சுத்தி ஆலங்கட்டி. பிள்ளைங்க யாரும் இல்லை. அந்த ஒரு நொடியை நான் எழுத மாட்டேன்.

அப்புறம் சமையல் கட்டில் சிரிப்புச் சத்தம். முதல் கல்லு விழுந்ததுமே சாந்தா அக்கா எல்லாரையும் அங்கே தள்ளி, ஆளுக்கொரு பாத்திரத்தைத் தலையில் கவுத்துட்டாங்க. கடைசிப் பையனை இழுக்கும்போது ஷீட்டு உடைஞ்சு அக்கா முழங்கையைக் கிழிச்சிருக்கு. கையில் துணி சுத்தியிருந்தது, அதில் ரத்தம். இதில் போனை எங்கே எடுக்கிறது? என் பவி கவுத்த ஒரு குண்டானுக்குள்ளே உக்காந்து, உள்ளேயிருந்து தட்டித் தட்டிப் பாடிக்கிட்டு இருந்தா. நான் அழுதுக்கிட்டே அவளைத் தூக்கினேன். சாந்தா அக்கா என்னைப் பார்த்து சொன்னாங்க: "அழுவாத. அது அரிசி களைஞ்ச குண்டான், தலையெல்லாம் அரிசி. போய் சீவி விடு."

நாலாவது நாள்

ஆபீசர் வந்தார். இந்தத் தடவை உள்ளேயே வந்தார், ஏன்னா வாசலில் நல்ல வெயில். ஓட்டைக்கு நேரா நின்னு அண்ணாந்து பார்த்தார். "பெரிய சேதம் மாதிரி தெரியலையே"ன்னார். நாங்க எட்டு பேரும் அவரைச் சுத்தி நின்னோம். நான் வியாபாரத்துக்குக் கிளம்புற அவசரத்தில் கூடையைப் பக்கத்தில் வெச்சிருந்தேன். அவர் பார்வை மேலேயிருந்து கீழே இறங்கி, கூடையில் நின்னது. குனிஞ்சு ஒரு மடவையை விரலால் அமுக்கிப் பார்த்துட்டுக் கேட்டார்: "ஐஸ் மீனாம்மா?"

ரெண்டு வருஷமா ஊருக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லியே காலம் தள்ளின நான், அன்னைக்குப் பதிலோட நிறுத்தாம, பாயை இழுத்து ஓட்டைக்கு நேர் கீழே போட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிட்டேன்: "மீன்ல ஐஸ் இல்ல சார், அதெல்லாம் இந்தப் பாயிலதான் விழுந்துச்சு. புது ஷீட்டு வர்ற வரைக்கும் நீங்க கொஞ்சம் இதுல உக்காருங்க."