பேசிய பெட்டியும் பதில் சொன்ன பெட்டியும்

எதிர் வீட்டுக்கு டெலிவிஷன் வந்து ஒரு வாரமாகிறது. தெருவே அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. நானும் போனேன். வயசானவன் என்று நாற்காலி போட்டார்கள். படத்தில் யாரோ உரம் போடுவது பற்றி அரை மணி நேரம் பேசினார். எனக்கு அதில் ஒன்றும் காதில் ஏறவில்லை. சூடேறிய பெட்டியின் முதுகிலிருந்து ஒரு வாசனை வந்தது. வெந்த தூசியும் வார்னிஷும் கலந்த வாசனை. அது என் முதல் உத்தியோகத்தின் வாசனை.

யுத்த காலம் அது. பூந்தமல்லியில் பஞ்சாயத்து ஆபீசில் நான் கடைசிக் குமாஸ்தா. தபால் பதிவது போக, மாலை ஆறு மணிக்குப் பார்க்கில் ரேடியோ அறையைத் திறந்து, பெட்டியைத் திருகி, செய்தி முடிந்ததும் பூட்டுவது என் வேலை. சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். யுத்தத்தையே நான்தான் நடத்துகிறேன் என்று நினைப்பு. ஒலிபெருக்கிக்குக் கீழே இருநூறு பேர் கூடுவார்கள். இன்ன ஊர் விழுந்தது, இத்தனை கப்பல் முழுகியது என்று அது சொல்லச் சொல்ல, சிலர் கை தட்டுவார்கள். எந்தக் கட்சிக்குத் தட்டுகிறோம் என்று தட்டியவர்களுக்கே தெரியாது. அதிலும் அடிதடி வரும்.

முனியம்மா அங்கே அவித்த வேர்க்கடலை விற்பாள். ஒரே மகன் பட்டாளத்தோடு கூலியாகப் பர்மாவுக்குப் போயிருந்தான். தினமும் என்னிடம் ஒரே கேள்வி: "சாமி, பர்மாவுல மய பேயுதான்னு எதுனா சொன்னானா பொட்டில?" இல்லை என்பேன். அவள் மகன் பெயரை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

பட்டணத்தில் குண்டு விழும் என்று ஜனம் மூட்டை கட்டியபோது பக்கத்துக் குமணன்சாவடிக்கு வந்து சேர்ந்தவன் பால்ராஜ். மூடிப்போன பள்ளிக்கூடத்தின் டிராயிங் மாஸ்டர். அவன் வரைந்ததை ஊரில் யாரும் படம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. எல்லா முகத்திலும் முறம் அளவுக்குக் காது. வாய் இருக்க வேண்டிய இடம் வெறும் தாள். "இன்னாப்பா இது?" என்றேன். "உன் பார்க்கு தாம்பா. அத்தினி பேருக்கும் காது கீது. எவனுக்கு வாய் கீது, சொல்லு?" என்றான்.

நாங்கள் இருவரும் 'இரைச்சல்' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். மாதம் மூன்று பிரதி. பால்ராஜ் பழைய செய்தித்தாள்களைக் கத்தரித்து, சொற்களைக் கலைத்து ஒட்டுவான். 'எதிரிப் படைகள் கூந்தல் தைலத்துடன் பின்வாங்கின' என்பது ஒரு முழுக் கவிதை. படித்தவர்கள் எங்களைப் பைத்தியம் என்றார்கள். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று மட்டும் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒருநாள் ஆவடி முகாமிலிருந்து கழித்துக் கட்டிய ஒரு பெரிய மரப்பெட்டியை பால்ராஜ் மாட்டுவண்டியில் ஏற்றி வந்தான். எங்கள் ரேடியோவின் பச்சையையே அதற்கும் அடித்து, பார்க்கின் மறு கோடியில் வைத்தான். நான் ரேடியோவைப் பூட்டியதும் அவன் பெட்டிக்குள் குந்திக்கொண்டு தகரப் புனல் வழியாகப் பேச ஆரம்பித்தான். "இது பூந்தமல்லி. பெரிய பொட்டி சொல்லாத சேதிங்கோ." ரேஷன் அரிசியில் கல், குளத்தில் செத்த மாடு, கான்ஸ்டபிள் யாரை அறைந்தார். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. நான்காம் நாள் ரேடியோ பாதியில் இருக்கும்போதே கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்தது.

அந்த வாரம் பர்மாவிலிருந்து காடும் மலையும் நடந்தே திரும்பிய ஒருவர் குமணன்சாவடியில் தங்கினார். அங்கே செத்துப்போன நம் பக்கத்து ஆட்கள் ஐந்து பேரின் பெயரை பால்ராஜிடம் சொன்னார். சர்க்கார் ஒரு வீட்டுக்கும் தந்தி கொடுக்கவில்லை. "இத்த சொல்லாத பொட்டி இன்னாத்துக்கு?" என்று பால்ராஜ் கொதித்தான். அந்தப் பட்டியலை நல்ல தாளில் அழகாகப் படியெடுத்துக் கொடுத்தவன் நான். தாளில் பெயர்கள் மட்டும்தான்; யார் யாருடைய பிள்ளை என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் மாலை அவன் படித்தான். மூன்றாவது பெயர், "ஏகாம்பரம், கடலக்கார முனியம்மா புள்ள."

கடலைக் கூடை கவிழ்ந்தது. அவள் போட்ட சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை. அவளுடைய தம்பி வேலி மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். "சாவ வச்சி டிராமா பண்றியாடா, பேமானி!" முதல் அடியில் மேல்பலகை பிளந்தது. பிறகு பத்துப் பேர், இருபது பேர். முந்தின நாள் சிரித்த அதே ஆட்கள். பெட்டியைக் குப்புறத் தள்ளி மிதித்தார்கள். உள்ளே இருந்து வெளியே நீண்ட வலது கையை ஒருவன் கல்லால் நசுக்கினான். தகரப் புனல் பால்ராஜின் கன்னத்தைக் கிழித்திருந்தது.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? ஓடிப்போய் ரேடியோவைத் திறந்து முழுச் சத்தத்தில் வைத்தேன். ஜனம் இந்தப் பக்கம் திரும்பும் என்று நினைத்தேன். இப்படித்தான் இத்தனை வருஷமாக எனக்கே சொல்லிக்கொள்கிறேன். யாரும் திரும்பவில்லை. ஒரு வித்வான் நிதானமாக ராகம் பாடினார். எதிரே இருந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு பால்ராஜின் அலறல் கேட்கவே இல்லை.

மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது முனியம்மா வந்தாள். தலைமாட்டில் நின்று வெகு நேரம் அவன் கையில் போட்டிருந்த கட்டையே பார்த்தாள்.

"மெய்தானா நைனா?"

அவன் தலையசைத்தான்.

"அந்தப் பொட்டி கூட சொல்லல. நீ சொன்ன. ஆனா அத்தினி பேரு சிரிக்கற எடத்துல வச்சா சொல்லுவ? ஊட்டாண்ட வந்து என்கைல சொல்லக் கூடாதா?"

பால்ராஜ் அழுதான். கிழிந்த கன்னத்தில் தையல் இழுக்க இழுக்க அழுதான்.

"எழுதினது ஆரு?" என்றாள்.

"நான் தாம்மா," என்றான் பால்ராஜ், என் முகத்தைப் பார்க்காமல். நான் வாயைத் திறக்கவில்லை. தாளைக் கேட்டாள். அவன் சட்டைப் பையில் ரத்தம் காய்ந்து மடிந்திருந்ததை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். எந்த வரி என்று கேட்டு, விரலை வைத்துப் பார்த்துவிட்டு, சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள்.

பால்ராஜ் குணமானதும் ரயிலேறிப் போனான். எந்த ஊருக்கென்று சொல்லவில்லை. 'இரைச்சல்' பிரதிகளைப் போலீசுக்குப் பயந்து நானே அடுப்பில் போட்டேன். பார்க்கை எடுத்துவிட்டு வரிசையாகக் கடை கட்டிவிட்டார்கள். முனியம்மாவுக்குச் சர்க்கார் தந்தி கடைசிவரை வரவில்லை. அவள் செத்தபோது இடுப்பில் இருந்த சுருக்குப்பையை யாரும் அவிழ்க்காமல் அப்படியே கொண்டுபோய் எரித்தார்கள். ஏகாம்பரம் என்று ஒருவன் செத்தான் என்பதற்கு இருந்த ஒரே தாள், என் கையெழுத்தில்.