பத்துக்கு எத்தனை

விடைத்தாள் திருத்த எடுத்த சிவப்புப் பேனா இன்று காலை கசிந்து, பக்கத்தில் கிடந்த நாளிதழில் மை பரவியது. அந்த வாடையில் அப்பா நினைவுக்கு வந்தார்.

அப்பாவும் வாத்தியார்தான், மயிலாப்பூரில் சரித்திரம் நடத்தினார். எழுபதுகளில் காலைக் காப்பியோடு தலையங்கத்தைப் பரீட்சைத் தாள் போலத் திருத்துவார். வழவழா வரிகளைச் சுழித்து, ஓரத்தில் பத்துக்கு மூன்று, நான்கு என்று மார்க் போடுவார். ஆறைத் தாண்டியதாக நினைவில்லை. மாடி வீட்டு மாமா, "சார், இன்னிக்கு எத்தனை?" என்று கேட்டுக்கொண்டேதான் பேப்பரை இரவல் வாங்குவார்.

நெருக்கடி நிலை வந்தது. "உங்களுக்கு எதுக்கு வம்பு? பேசாம காப்பியைக் குடிங்கோ" என்றாள் அம்மா. அதன்பின் பேப்பர் சுழிப்பில்லாமலே மாடிக்குப் போனது. மாமாவும் மார்க் கேட்பதை விட்டார்.

எல்லாம் முடிந்தபின் ஒருநாள், தோற்றுப்போன சர்க்காரைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்த தலையங்கத்தை மாமா நீட்டினார். "இதுக்குப் பத்து போடணும், சார்!"

அப்பா இரண்டு முறை படித்தார். ஒரு வரியைக்கூடச் சுழிக்காமல், கீழே பூஜ்யம் போட்டார்.

"நன்னாத்தான் எழுதியிருக்கான். ஆனா மணி அடிச்சப்புறம்னா எழுதறான்."

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க மட்டும் அப்போ மார்க் போட்டேளா?"

அப்பா பக்கத்திலேயே இன்னொரு பூஜ்யம் போட்டார். "இது எனக்கு" என்றார்.

இன்று மை பட்டதும் தலையங்கத்தில்தான். படித்துப் பார்த்தேன். மூன்று போடலாம். பேனாவைத் துடைத்து மூடி வைத்தேன்.